மைதானத்து நிறவெறிக் கூச்சலுக்குக் கவிதையால் பதில் சொல்ல முடியுமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): பெரிய திரையில் ஐரோப்பியக் கால்பந்து ஆட்டம் போடுகிறோம். கறுப்பின வீரர் பந்தைத் தொட்டாலே பின்வரிசையில் குரங்குச் சத்தம். இடைவேளையில் கவிதை வாசிக்கலாமா?

பதில் 1 (புதுச்சேரி): வாசிச்சா எடுபடாதுங்க, கோஷமா போடணும். ரெண்டே வரி, வரிக்கு நாலு தட்டு. வெண்பாவெல்லாம் வேண்டாம், கும்மி மெட்டு போதும்.

தோலைப் பாத்து ஊளை ஏண்டா?
காலைப் பாரு, கோலைப் பாரு!

முதல் வரி ஒருத்தர், அடுத்தது எல்லாரும். எல்லாச் சீரும் நெடில்ல தொடங்குது பாருங்க. கும்பல் கத்துறப்ப குறில் கரைஞ்சிடும்.

பதில் 2: மெட்டு சரி. ஆனா 'ஏண்டா' அடிதடியில முடியும், 'ஏனோ'ன்னு மாத்துங்க. வசைச்சொல்லை மறுக்கக்கூட உள்ளே கொண்டுவராதீங்க. கூட்டம் அதை மட்டும் பிடிச்சுக்கும். 2023 மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா மைதானத்தில் ரியல் மாட்ரிட் அணியின் கறுப்பின வீரர் வினிசியஸை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்திய 3 பேருக்கு 2024 ஜூனில் 8 மாதச் சிறைத் தண்டனை விதிச்சாங்க. அதைச் சொல்லிட்டுப் பாட்டைத் தொடங்குங்க.

பதில் 3: கோல் வாங்கின சூட்டுல தொடங்காதீங்க, வம்புன்னு நினைப்பாங்க. கூச்சல் போடுற வரிசைக்கே பறையைக் கொடுங்க. நம்ம கோல்கீப்பரை 'கரிச்சட்டி'ன்னு கூப்பிடுறதுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதுங்க.