அநுராதபுரம் போய் வந்தவருக்கு ஆறாத புண்: அகாஸ் கடியா?

எஸ்டேட் கிராணி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எஸ்டேட். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் ஒருவர் அநுராதபுரத்தில் 4 மாதம் வயல்வேலை செய்துவிட்டு வந்தார். முழங்கையில் கடுகளவு பருவாகத் தொடங்கியது இரண்டு மாதத்தில் 20 காசு நாணய அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. வலி, அரிப்பு எதுவும் இல்லை. ஆன்டிபயாட்டிக் இரண்டு தடவை, பிறகு கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கிரீம். ஆறவே இல்லை. அகாஸ் (பொடிக் கடிபூச்சி) கடி, லயம் முழுக்க ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். தனி அறை கொடுக்கவா?

ஆய்வக மேசை:
தனி அறை வேண்டாம், அண்ணே. அவரை ஒதுக்கவும் விடாதீர்கள். நீங்கள் சொல்வது லீஷ்மேனியாசிஸ் போலத் தெரிகிறது. மணல் ஈ கடித்து வரும் ஒட்டுண்ணி நோய். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. அகாஸ் வேறு பூச்சி, இந்த நோயைப் பரப்பாது. இரண்டையுமே சேண்ட்ஃபிளை என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. அகாஸ் கடி அன்றே அரித்து எடுக்கும். இந்தப் புண்ணோ கடித்துப் பல வாரம் கழித்துத்தான் தலைகாட்டும்.

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். அங்கே காரணம் லீஷ்மேனியா டொனோவானி. பீகாரில் மண்ணீரலை வீங்கவைக்கும் காலா அசார் கிருமியும் இதே இனம்தான். இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. 1903இல் சென்னையில் இதைக் கண்ட மருத்துவர் டொனோவன் பெயரே அதற்கு.

ஸ்டீராய்டை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிவப்பு அடங்கும், உள்ளே ஒட்டுண்ணி பெருகும்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நடுவில் உள்ள பக்கைச் சுரண்டினால் சீழ்தான் வரும். தடித்து மேடாக இருக்கும் விளிம்பைச் சுத்தம் செய்து, இரு விரலால் வெளுக்கும்வரை கிள்ளிப் பிடித்து, பிளேடால் சின்னதாகக் கீறி, ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் பூச வேண்டும். பிடி தளர்ந்தால் இரத்தம் கலந்து ஒட்டுண்ணி தேடவே முடியாது. காய்ந்ததும் மெத்தனாலில் நிலைப்படுத்தி ஜீம்சா சாயம். பெரிய உயிரணுக்களுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் முட்டை வடிவப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரு, பக்கத்தில் குட்டிக் கோல். அந்தக் கோல் தெரிந்தால்தான் உறுதி. ஒரு சில்லில் இல்லையென்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தோல் துண்டுப் பரிசோதனை, பி.சி.ஆர் (மரபணுப் பரிசோதனை) கேளுங்கள்.

மருந்துக்கடை அக்கா:
பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கே அனுப்புங்கள் தம்பி, இதற்கான மருந்து கடையில் கிடைக்காது. சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட்டைப் புண்ணின் விளிம்பைச் சுற்றி, தோல் வெளுக்கும்வரை, பொதுவாக வாரம் ஒருமுறை ஊசியாகப் போடுவார்கள். ஊசி கொழுப்புக்குள் இறங்கிவிட்டால் மருந்து புண்ணில் நிற்காது. சின்னப் புண்ணுக்குத் திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு. கறுத்த தோலில் வெள்ளைத் தழும்பு விழலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூனை கீறியதா, கையில் வரிசையாகக் கட்டிகள் உண்டா (ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய்), புண் உள்ள இடம் மரத்திருக்கிறதா (தொழுநோய்) என்றும் டாக்டர் பார்க்கட்டும். காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்டேட் கிராணி:
நன்றி அக்கா, அண்ணே. அவர் மறுபடி அங்கே போனால்?

ஆய்வக மேசை:
மணல் ஈ கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான், சத்தமும் கேட்காது. சாதாரண வலையில் நுழைந்துவிடும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியில் நனைத்த, கண் நெருக்கமான வலை வேண்டும். பொழுது சாய்ந்ததும் முழுக்கை, முழுக்கால் சட்டை, திறந்த இடத்தில் டீட் என்ற பூச்சிவிரட்டிப் பூச்சு. தண்ணீரைக் கொட்டிப் பயனில்லை, ஈரமண்ணிலும் சாணக் குவியலிலும்தான் அது வளர்கிறது. இப்போதைக்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தில் அநுராதபுரம் என்ற பெயரும், இருந்த மாதங்களும் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் இங்கே யாருக்கும் இந்த நோய் நினைவுக்கு வராது.