1808 இருபது காசு: அப்பா வைத்திருந்ததும் கப்பல் காசுதானா?

காவிரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் என் பெட்டிக்கு ஒரே ஒரு காசுதான் புதிதாக வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸுக்காக அடித்த 1808-ம் ஆண்டு இருபது காசு. செம்பு, பழைய வெள்ளி ரூபாய் அளவு இருக்கும். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்தபடி நிற்கும் கம்பெனி முத்திரை, அடியில் ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. நம்முடைய 'காசு' போர்ச்சுக்கீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலேயர் வாயில் மாறி, செம்பில் எழுத்தாகி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் காசை எனக்குப் பிடிக்கும்.

சென்னையில் நடந்த நாணயக் கண்காட்சியில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். விற்றவர், "இது கப்பல் காசும்மா. மதராஸுக்கு வரும் வழியில் கப்பலோடு முழுகிப்போனது. 1808 போட்டதெல்லாம் கடலிலிருந்து எடுத்ததுதான், ஒன்றுகூட இங்கே புழங்கவில்லை" என்றார்.

என் கேள்வி இங்கேதான். அப்பாவிடமும் ஒரு 1808 இருபது காசு இருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியர். மாலையில் வீடு திரும்பும்போது ஒரு பாத்திரக்கடையில் நின்று பேசிவிட்டு வருவார். பழைய தவலை, குடம் என்று எடைக்குப் போட வருபவர்கள் அவற்றோடு செப்புக்காசுகளையும் கொட்டிவிட்டுப் போவார்களாம். உருக்கப் போவதற்கு முன் அப்பா அதே செம்பு விலைக்கு அவற்றை வாங்கிவிடுவார். இந்தக் காசை என் உள்ளங்கையில் வைத்து, "இதைக் கொடுத்து நம்ம ஊர்ல யாரோ உப்பு வாங்கியிருப்பாங்க பாப்பா" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது.

அது கடலடியில் கிடந்த காசு என்றால் அப்பா சொன்னது தவறாகிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. ஒரு ஆயுத பூஜைக்கு அம்மா அதைப் புளி போட்டு விளக்கிவிட்டார்.

அப்புறம், உங்கள் பெட்டிகளுக்குப் புதிதாக வந்ததையும் சொல்லுங்கள்.

தங்கசாலை:
அக்கா, விற்றவர் சொன்னதில் பாதி சரி. கப்பலின் பெயர் அட்மிரல் கார்ட்னர். 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் அடித்த பத்துக் காசு, இருபது காசுகள் மரப்பீப்பாய்களில் இருந்தன. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். அவ்வளவு வெளியே வந்ததால்தான் இன்று ஓரளவு மலிவாகக் கிடைக்கிறது.

ஆனால் 1808 என்றாலே கடல் காசு என்பது தவறு. தேய்ந்துபோன 1808 காசுகள் நம் பக்கம் கிடைக்கத்தான் செய்கின்றன. பீப்பாயிலேயே முழுகிய காசு எப்படித் தேயும்? வேறு கப்பலில் வந்து இறங்கியவைதான் கைமாறித் தேய்ந்திருக்க முடியும்.

நிறத்தை விடுங்கள். லென்ஸ் வைத்து மேட்டைப் பாருங்கள். கடல் காசில் சிங்கத்தின் முகமும் பிடரியும் எழும்பி நிற்கும், ஆனால் உப்பு தின்றதால் தோல் சொரசொரவென்று இருக்கும், பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே மாதிரி. புழங்கிய காசில் இதற்கு நேர்மாறு. மேடு மழுங்கி, சிங்கத்துக்கு முகமே இருக்காது. பள்ளத்தில் எழுத்தோரம் மட்டும் கூர்மை கொஞ்சம் மிஞ்சும். தடவினால் வழுவழுவென்று இருக்கும். புளி போட்டால் நிறம் போகும், இந்த வித்தியாசம் போகாது. ஆனால் இனிமேல் தயவுசெய்து புளி, எலுமிச்சை, பல்பொடி எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அழுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுத்து நன்றாகக் காயவைத்தால் போதும்.

உங்கள் அப்பா காசு உப்பு வாங்கியிருக்கும் என்று சொன்னது அழகான கணக்கு. அன்றைக்கு எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். இருபது காசு என்றால் கால் பணம். கடைவீதிச் சில்லறைதான்.

ஒன்று கேட்கிறேன். அப்பா இதை எப்போது வாங்கினார் என்று குறிப்பு ஏதும் வைத்திருக்கிறாரா?

வல்லிபுரம்:
நான் யாழ்ப்பாணம். எனக்கு இந்த வருசம் கிடைத்தது ஒரு சேது காசு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துச் செம்பு. ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, அதற்குக் கீழே தமிழில் 'சேது'. நிற்கிற உருவம் இராசராச சோழனின் காசிலிருந்து வந்த வழக்கம். இலங்கையில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள அரசர்களும் அதே உருவத்தைத்தான் எடுத்தார்கள், லீலாவதி அரசியின் காசிலும் பார்க்கலாம். ஆனால் அவர்கள் பெயரை நாகரி எழுத்தில் பொறித்தார்கள். இங்கே தமிழில் இருக்கிறது. என்னுடையதில் 'சே' பாதி தேய்ந்துவிட்டது, 'து' நல்ல தெளிவு. இரண்டு கிழமையாகச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

புதுவரவு:
நான் சேர்க்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன வாரம் ஒரு சந்தையில் 1818-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு அணா வாங்கினேன். ராமர் பட்டாபிஷேகம் போட்டிருக்கிறது. மூவாயிரம் கொடுத்தேன். லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே, உண்மையா?

காவிரிக்கரை:
தம்பி, முதலில் உங்களுக்கு. அது கம்பெனி அடித்த காசு இல்லை. ராமர், அனுமன் படத்தோடு கம்பெனி ஒரு அணாவோ அரை அணாவோ வெளியிட்டதே கிடையாது. பிற்காலத்தில் பூஜைக்கும் விற்பனைக்கும் செய்த வில்லைகள் அவை. 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டும் வரும். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். லட்சத்துக்கு வாங்குகிறோம் என்று யாராவது போன் செய்து முன்பணமோ கமிஷனோ கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மனம் விட்டுவிடாதீர்கள். 1835-ம் ஆண்டு கால் அணா ஒன்று வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். உண்மையான கம்பெனிக் காசின் எழுத்தும் விளிம்பும் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். விலையும் அதிகம் இல்லை.

வல்லிபுரம் ஐயா, அந்தச் சேது காசைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். வியர்வை செம்புக்கு ஆகாது. ஆனால் அந்த 'து'வை நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

தங்கசாலை தம்பி, நீங்கள் சொன்னபடி இரண்டையும் ஜன்னலோரம் வைத்து லென்ஸில் பார்த்தேன். கண்காட்சியில் வாங்கியதில் சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தெரிகிறது, ஆனால் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பொடிப்பொடிக் குழிகள். அப்பாவுடையதில் சிங்கங்களுக்கு முகம் இல்லை. கேடயம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. 'கேஷ்' என்ற எழுத்தின் உட்பக்கம் மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

குறிப்பு கேட்டீர்களே. அப்பா ஒவ்வொரு காசையும் விடைத்தாளில் வெட்டிய சின்ன உறையில் போட்டு வைப்பார். அந்த உறையை நான் பத்து வருடமாகப் பிரித்துப் பார்க்கவே இல்லை. இன்று காலை பிரித்தேன். உள்பக்கம் பென்சிலில், அவர் கையெழுத்தில்: "பாத்திரக்கடை, எடைக்கு, 1971 தை." கப்பலிலிருந்து காசு எடுத்ததற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால்.

உறையை அப்படியே மடித்துக் காசோடு வைத்துவிட்டேன். கடல் காசுக்கும் அதே அளவில் ஒரு உறை வெட்டி, கப்பலின் பெயரை எழுதிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.