ஏற்காட்டில் கட்டும் பல்நோக்கு அரங்கத்துக்குத் தேக்குத் தளமா, மேப்பிள் தளமா?

அரங்கக் குழு உறுப்பினர், ஏற்காடு:
ஊரார் சேர்ந்து கட்டிவரும் எங்கள் அரங்கத்தில் வாரநாட்களில் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடுவார்கள்; முகூர்த்த நாட்களில் அங்கேயே திருமணங்களும் நடக்கும். கான்கிரீட் தளம் போட்டாயிற்று. அதன்மேல் பதிக்கத் தேக்கு வாங்குவதா, இறக்குமதி மேப்பிள் வாங்குவதா என்று குழுவில் இருவேறு கருத்து நிலவுகிறது. இத்தொழில் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மரத்தள ஒப்பந்ததாரர், சேலம்:
ஐயா, மரத்தின் பெயரைவிட ஈரம்தான் உங்கள் ஊரில் முதல் கேள்வி. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது பலகையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீர் நிற்கும். அதுவே 80 சதவீதமானால் 16 வரை ஏறிவிடும். எனவே சேலத்துக் கோடையில் நன்கு காய்ந்த பலகையை 1,500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து உடனே நெருக்கிப் பதித்தால், மூடுபனிக் காலத்தில் அது உப்பி, விளிம்புகள் மேலெழுந்துவிடும். பச்சை மரம் முழுதும் உலரும்போது மேப்பிள் வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 10 சதவீதம் சுருங்கும். தேக்கோ 6 சதவீதத்தைத் தாண்டாது. கரையானைத் தாங்கும் வலுவும் மேப்பிளுக்கு இல்லை. ஆகவே வெளிப்புற வெள்ளைப் பகுதி கலக்காத தேக்கு வைரத்தையே, அதாவது முதிர்ந்த நடுமரத்தையே நான் பரிந்துரைப்பேன்.

இறகுப்பந்துப் பயிற்றுநர், சேலம்:
மேப்பிள் தேக்கைவிடக் கடினமானது. நாற்காலிக் கால்கள் இழுபடும் இடத்தில் அந்த வேறுபாடு தெரியும். ஆயினும் பிள்ளைகளின் முழங்காலைக் காப்பது மேற்பலகை அன்று, அதற்கு அடியில் உள்ள அமைப்பே. உள்ளரங்கத் தளங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 14904, குதிக்கும்போது எழும் அதிர்ச்சியில் குறைந்தது 25 சதவீதத்தையாவது தளம் உள்வாங்க வேண்டும் என்கிறது. பலகையைக் கான்கிரீட்டில் நேராக ஒட்டிவிட்டால் அது கிடைக்காது. ரப்பர் திண்டுகளின்மேல் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல்தான் பலகை வர வேண்டும். இந்தச் செலவில் தயவுசெய்து கைவைக்காதீர்கள். அதேபோல, மணவறையும் ஹோமமும் குத்துவிளக்கும் கல் பதித்த மேடையோடு நிற்கட்டும். மரத்தில் எண்ணெய் சிந்தினால் மறுநாள் ஆடவரும் பிள்ளை வழுக்கி விழும்.

அரங்கக் குழு உறுப்பினர், ஏற்காடு:
இருவருக்கும் நன்றி. மேடைக்குக் கல் பதிப்பதைக் குழுவில் வலியுறுத்துவேன். கான்கிரீட் காய்ந்துவிட்டதை எப்படி உறுதி செய்வது?

மரத்தள ஒப்பந்ததாரர், சேலம்:
ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்திட்டிருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையைத் தொடங்காதீர்கள். தாள் உலர்ந்திருந்தாலும், ஈரமானி கொண்டு ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. சட்டங்களுக்கு அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு அவசியம். கதவு, சன்னல் பொருத்திய பிறகே பலகைகளை ஏற்றிவந்து, காற்றோட்டமாக அடுக்கி, ஈரமானியின் அளவு மாறாமல் நிற்கும்வரை அரங்கத்துக்குள்ளேயே வைத்திருங்கள். சுவரோரம் நான்கு பக்கமும் 50 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். அதைச் சிமெண்டால் அடைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.