ரெப்ளிகா உள்ள போஸ்ட்கிரெஸ் சர்வரில் டிஸ்க் நிறைந்துகொண்டே போகிறது

கேள்வி

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். தோட்டங்களிலிருந்து குலை ஏற்றி வரும் லாரிகளின் எடை, தொழிலாளர் சம்பளக் கணக்கு எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ் சர்வரில்தான், அதன் நகலாக ஓடும் ரெப்ளிகா ஈப்போ அலுவலகத்தில். டேட்டாபேஸ் மொத்தமே 40 ஜிபி, ஆனால் 500 ஜிபி டிஸ்க்கில் 460 போய்விட்டது, பெரும்பகுதி பிஜி_வால் ஃபோல்டரில். பழைய ஃபைல்களை அழித்துவிடலாமா? வெள்ளிக்கிழமை சம்பளம், அதற்குள் சர்வர் நின்றுவிட்டால் ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்

தம்பி, அந்த ஃபோல்டரில் மட்டும் கை வைக்க வேண்டாம். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் வால் (WAL) பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன. தேவையான ஒரு ஃபைல் போனாலும், கரண்ட் போய் வந்தபின் சர்வர் எழும்பாமலே போகலாம். ஒரு ரெப்ளிகா எதுவரை வாங்கிக்கொண்டது என்று சர்வர் குறித்து வைப்பதுதான் ஸ்லாட்; பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவில் ஆக்டிவ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். எஃப் (இப்போது யாரும் பயன்படுத்தவில்லை) என்று ஏதாவது ஸ்லாட் இருந்தால், அந்த ரெப்ளிகா என்றாவது வந்து வாங்கிக்கொள்ளும் என்று பிரைமரி, அதாவது உங்கள் மூல சர்வர், ஒவ்வொரு 16 எம்பி ஃபைலையும் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்

இருக்கிறது அண்ணே. ஈப்போவில் இடியில் போன மெஷினை மாற்றியபோது புது ரெப்ளிகாவுக்கு வேறு பெயரில் ஸ்லாட் போட்டிருக்கிறார்கள், அது ஓடுகிறது. பழையதுதான் எஃப்.

பதில்

அப்படியென்றால் அதுதான். பேக்கப் கருவி எதுவும் அந்தப் பழைய ஸ்லாட்டைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் கொடுத்து நீக்குங்கள், பிறகு ஒரு செக்பாயிண்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுத வைக்கும் கட்டளை), இடம் தானாகத் திரும்பும். திரும்பாவிட்டால் பிஜி_ஸ்டாட்_ஆர்கைவரில் ஃபெயில்ட்_கவுண்ட் ஏறுகிறதா பாருங்கள், இந்த ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் ஆர்கைவ் கமாண்ட் தோற்றாலும் இதே மாதிரி குவியும்.

இன்னொரு பதில்

இதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்லாட்டுகளுக்காக எவ்வளவு வால் சேர்த்து வைக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு 13ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் இயல்பாக -1, அதாவது எல்லையே கிடையாது. ஒரு எல்லை வையுங்கள், சர்வரை நிறுத்த வேண்டாம், ரீலோட் போதும். அதைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போகும், ரெப்ளிகாவை பிஜி_பேஸ்பேக்கப் என்ற முழு நகல் எடுக்கும் கருவி வைத்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும், அது அலுப்பான வேலைதான். இருந்தாலும் சம்பள சர்வர் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேட்டவர்

நீக்கியாயிற்று, 70 ஜிபிக்கு இறங்கிவிட்டது, ரொம்ப நன்றி! எல்லை 100 ஜிபி வைக்கலாமா?

பதில்

வால் இப்போது எதுவரை எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் பிஜி_கரண்ட்_வால்_எல்எஸ்என் மதிப்பை இன்றும் நாளையும் இதே நேரத்தில் எடுத்துக் கழியுங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுகிறது என்று தெரியும். ஈப்போ லைன் அதிகபட்சம் எத்தனை நாள் விழுந்து கிடக்கும் என்பதால் பெருக்கி வையுங்கள். குலை அதிகம் வரும் மாதத்தில் ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள்.