தெம்பனீஸில் வீடு, ஒரு அறைக்கு மட்டும் பூட்டு. எடுக்கலாமா?

கோவைக்காரன்:
சிங்கப்பூரில் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது, நண்பர் அறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஜூனில் மனைவியும் ஐந்து வயது மகளும் வருகிறார்கள். தெம்பனீஸில் ஒரு நாலறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பார்த்தேன், மாதம் 3,200 வெள்ளி (டாலர்). (நாலு படுக்கையறை என்று நினைத்துப் போனேன், ஹாலையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்களாம், இருப்பது மூன்று.) அதிலும் ஒன்றை ஓனர் பூட்டி வைத்திருக்கிறார். சாமான் இருக்கிறதாம், ஒப்பந்தத்தில் அறை வாடகை என்று போட்டுக்கொள்ளலாம், நான் இங்கே தங்க மாட்டேன் என்கிறார். எடுக்கலாமா, இல்லை நம் ஆட்கள் இருக்கும் தேக்கா பக்கமே பார்க்கவா?

பிடோக் பழசு:
தம்பி, வேண்டாம். வீவக வீட்டை முழுசாக வாடகைக்கு விட ஓனர் குடிமகனாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஐந்து வருடமாவது அதில் குடியிருந்திருக்கவும் வேண்டும். அப்புறம் வெளிநாட்டவர் ஒதுக்கீடு வேறு, வட்டாரத்துக்கு 8 சதவீதம், புளோக்குக்கு 11. அது நிரம்பிவிட்டால் நமக்கு முழு வீடு தர முடியாது, மலேசியர்களுக்குத்தான் விலக்கு. அறை வாடகைக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது, ஆனால் ஓனரும் கூடவே குடியிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பூட்டு. வந்த புதிதில் நானும் இப்படி ஒரு பூட்டுக்குப் பக்கத்தில் இருந்தவன்தான். ஓனர் தான் குடியிருப்பதாகக் காட்ட வாசலில் ஒரு ஜோடி செருப்பைப் போட்டு வைத்திருந்தார், அது வெயிலில் வெளுத்தே போனது. எட்டாம் மாதம் சோதனைக்கு வந்தார்கள், மூட்டை கட்டினோம், முன்பணத்துக்கு நான் அலைந்தது தனிக் கதை. கழகத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

சீமேய் அக்கா:
தேக்காவுக்குச் சனிக்கிழமை போனால் போதும். அங்கிருந்து உங்கள் ஆபீஸ் பக்கத்து எக்ஸ்போ ஸ்டேஷனுக்கு ஒரே ரயில்தான், ஆனால் டவுன்டவுன் லைன் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். தெம்பனீஸிலிருந்து மூன்றே ஸ்டாப். பாப்பாவின் பள்ளிதான் முக்கியம். உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் படிக்கலாம், ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிச்ச இடம்தான் நமக்கு, பக்கத்தில் வீடு எடுத்தால் கிடைத்துவிடும் என்று நம்பி இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம், காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு மூன்று. இரண்டு வருடம் என்றால் வேலை போனால் வெளியேறும் விதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம், உங்கள் 3,200க்கு இரண்டு வருடத்துக்கு 307 வெள்ளி, அது பெரும்பாலும் நம் தலையில்தான். சமையல் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். 'லைட் குக்கிங்' என்பார்கள், தாளிப்பது அதில் வராது.

கோவைக்காரன்:
நன்றி அண்ணா, அக்கா. நேற்று வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. ஏஜென்டுடையது என்று நினைத்தேன், அவர் ஷூ போட்டுக்கொண்டல்லவா கிளம்பினார்!