கோயிலைக் கடல் கொண்டுபோனால் குலசாமி எங்கே இருக்கும்?

வாடைக்காற்று (மண்டபம்):
நாம் சேர்ந்து எழுதும் கடல்குடிக் கதையில் எனக்கு ஒரு விஷயம் ஒப்பவில்லை. தீவில் மூன்று குலங்களுக்கும் தனித்தனிச் சாமிக்கல் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் புயலில் தீவே மூழ்குகிறது. உடைமரம் எழுதிய வரைவில், சனங்கள் கரையேறிய மறுவாரமே புதுக் கல் நட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். சாமி இருப்பது அந்த இடத்தில். நினைத்த இடத்தில் நட்டால் அது வெறும் கல்தான்.

உடைமரம் (சாயல்குடி):
அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணே. நம்ம பக்கம் பிடிமண் எடுப்பது எதற்கு? பிழைக்கப்போன ஊரில் சாமியை வைக்கத்தானே! எங்கள் பங்காளிகள் தாய்க்கோயிலில் எடுத்த மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் எங்கும் தரையில் வைக்காமல் மடியிலேயே கொண்டுவந்தார்கள். அதன் மேல்தான் பீடம் கட்டினோம். முடியிறக்கு, காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் இப்போது அங்கேதான். அதை யாராவது வெறும் கல் என்பார்களா?

வாடைக்காற்று:
சரி, பிடிமண் எடுக்கத் தாய்க்கோயில் வேண்டுமே. கதையில் அதுதான் தண்ணீருக்குள் போய்விட்டதே. தேவிபட்டினத்தில் நவகிரகக் கற்கள் ஒன்பதும் கடலுக்குள்தான் நிற்கின்றன. கரையில் இடமில்லாமலா? சனங்கள்தான் அவற்றைத் தேடிப் போகிறார்கள். கடல்குடியும் வருசத்துக்கு ஒருமுறை வள்ளத்தில் போய், தீவு இருந்த இடத்தில் கும்பிடட்டும்.

முத்துச்சிப்பி (பாம்பன்):
வள்ளமே மிஞ்சாதவர்கள் எப்படிப் போவார்கள் தம்பி? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. அப்படியும் மீனவர்கள் அங்கே குடிசை போட்டுத் தொழில் பார்த்தார்கள். இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இடத்தின் மேல் உள்ள பிடிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேருமே பெண்களை மறந்துவிட்டீர்கள். கல்யாணம் ஆனால் நமக்குப் புருசன் வீட்டுச் சாமிதான் குலசாமி. பிறந்த வீட்டுச் சாமியை மனசுக்குள்தான் கும்பிடுகிறோம். கதையில் அப்படி வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, பிறந்த குலத்தின் மண்ணை யாருக்கும் தெரியாமல் முடிந்து வைத்திருக்கட்டும். புயலுக்குப் பிறகு தீவின் மண் அவளிடம் மட்டும்தான் இருக்கும்.

உடைமரம்:
அக்கா, இது என் வரைவைவிட நன்றாக இருக்கிறது. என் புதுக் கல்லுக்கு அடியில் அந்த மண் போகட்டும்.

வாடைக்காற்று:
போகாது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிடிமண் எடுக்க ஏது உரிமை என்று பங்காளிகள் கேட்பார்கள். பூசாரியும் தொட மாட்டார்.

முத்துச்சிப்பி:
கேட்கட்டுமே. எட்டாம் அத்தியாயம் முழுக்க அந்தச் சண்டைதான். வேறு மண் இல்லை என்று தெரிந்த பிறகும் மறுப்பார்களா?

வாடைக்காற்று:
மறுப்பார்கள் அக்கா. பூசாரி கையை இழுத்துக்கொள்ளும் இடம் வரை நீங்கள் எழுதுங்கள். அதற்கு மேல் நான் எழுதுகிறேன். என் பகுதியில் அவள் அந்த முடிச்சோடு வள்ளம் ஏறிக் கடலுக்குள் போவாள்.