‘வட்டம் கொடுத்தல்’: ஒரு சதுரங்கக் கலைச்சொல்

குழு நண்பர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

சதுரங்கத்தில் கோட்டையை (ரூக்) வேண்டுமென்றே கொடுத்து, அதைவிட மதிப்புக் குறைந்த குதிரையையோ மந்திரியையோ (பிஷப்) பெறும் ‘எக்ஸ்சேஞ்ச் சாக்ரிஃபைஸ்’ என்பதற்குப் ‘பரிமாற்றப் பலி’ என்றும் ‘கோட்டைத் தியாகம்’ என்றும் இங்கே முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டிலும் எனக்குத் தடை உண்டு. குதிரைக்குக் குதிரை வெட்டிக்கொள்வதும் பரிமாற்றம்தான். அதில் யாருக்கும் நட்டமில்லை. கோட்டையைச் சும்மா விட்டுக்கொடுப்பது வேறு, 5 புள்ளி மதிப்புள்ள கோட்டையைக் கொடுத்து 3 புள்ளி மதிப்புள்ள குதிரையையோ மந்திரியையோ பெறுவது வேறு. நமக்குப் பெயர் வேண்டியது இடையில் விழும் அந்த 2-க்கு.

சென்ற ஞாயிறு இங்கு நடந்த போட்டியில் ஓர் ஆட்டத்துக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சிக்கல் எனக்கு உறைத்தது. கறுப்பு ஆடிய சிறுவன் எடுத்த தொடக்க முறை, சிசிலியன் தற்காப்பின் டிராகன் வகை. 1995-இல் நியூயார்க்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 11, 13-ஆம் ஆட்டங்களில் காஸ்பரோவ் ஆனந்தை வென்றதும் இதே வகையில்தான். தற்காப்பு என்பது பெயரளவில்தான். வெள்ளை அரசன் ராணிப்பக்கம் கோட்டை கட்டிக்கொண்ட (காஸ்லிங்) சில நகர்வுகளில், சி8 கட்டத்தில் காத்திருந்த கறுப்புக் கோட்டை சி3-இல் நின்ற குதிரையை வெட்டியது. பி2 சிப்பாய் அதைத் திருப்பி வெட்ட, அரசனின் மறைப்பு பிளந்துபோயிற்று.

இதைப் பலி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 1953-இல் சூரிக் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கிராண்ட்மாஸ்டர் பெட்ரோசியன் 25-ஆம் நகர்வில் கோட்டையை இ6-இல் கொண்டுபோய் நிறுத்தி, வேண்டுமானால் மந்திரியால் வெட்டிக்கொள் என்று விட்டதில் ஆவேசமே இல்லை, கணக்குத்தான் இருந்தது.

அந்தக் கணக்குக்குச் சொல் எங்கள் ஊர்ப் பெட்டியடியிலேயே (கடையில் பணமும் கணக்கும் பார்க்கும் இடம்) கிடக்கிறது. எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில், ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறு நாணயம் வாங்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டிய வித்தியாசத்தை ‘வட்டம்’ என்பார்களாம். பழைய அகராதிகளிலும் இப்பொருள் உண்டு. ‘வட்டம் கொடுத்தல்’ என்று கொண்டால், எதிராளி பெறுவது ‘வட்டம் பெறுதல்’ ஆகிவிடுகிறது. ‘பலி’யிலிருந்து அப்படி ஓர் எதிர்ச்சொல்லைப் பிறப்பிக்க இயலாது.

வடிவத்தைக் குறிக்கும் வட்டத்தோடு இது குழம்பும் என்பீர்கள். தாலுகாவும் வட்டம்தான், ஆனால் சிறுவன் காரைக்குடி வட்டத்தையே கொடுத்துவிட்டான் என்று எவரும் படிக்கமாட்டார். ‘வட்டத் தியாகம்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் மட்டும் குழப்பம் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே வினையாகவே ஆளலாம் என்பது என் கருத்து.

ஆட்டக் குறிப்பில் இப்போதைக்குக் ‘கறுப்பு வட்டம் கொடுக்கிறது’ என்றே எழுதியிருக்கிறேன். மறுப்பு இருப்பின், அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.